நாலு ஊரில் குடியிருக்கும் ஒரு புத்தகம்

ஒரு புத்தகம் போட எத்தனை கன்றுக்குட்டி தேவைப்படும் என்று இன்றைய பதிப்பாளர்கள் யோசிப்பதில்லை. நான்காம் நூற்றாண்டில் யாரோ யோசித்திருக்கிறார்கள். பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு இரண்டையும் கிரேக்க மொழியில் ஒரே புத்தகமாகக் கட்டிவிட வேண்டும் என்று அந்த யாரோ முடிவெடுத்தார். அதற்காகக் கன்றுகளும் செம்மறியாடுகளுமாக நூற்றுக்கணக்கில் உயிர்விட்டன. தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டிச் சுரண்டி மெல்லிய தாளாக்கினார்கள். ஒரு பக்கம் ஏறக்குறைய 38 சென்டிமீட்டர் உயரம், 34 சென்டிமீட்டர் அகலம். அப்படி 1,400 பக்கங்களுக்கு மேல். மடியில் வைத்துப் புரட்டுகிற சமாசாரம் அல்ல. மேடை போட்டுத்தான் வாசித்திருக்க வேண்டும்.

இப்போது அதற்கு கோடெக்ஸ் சினாயிட்டிகஸ் என்று பெயர். சீனாய் மலையடிவாரத்து மடாலயத்தில் கிடைத்ததால் வந்த பெயர். புதிய ஏற்பாடு முழுவதையும் கொண்டதாக நமக்குக் கிடைத்திருக்கும் பிரதிகளில் இதுவே மிகப் பழையது. பைபிள் இல்லாத ஊர் இன்று உலகத்தில் இல்லை. ஆனால் இந்தப் பைபிள் லண்டனில் கொஞ்சம், லைப்சிக்கில் கொஞ்சம், சீனாயில் கொஞ்சம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு சிட்டிகை என்று நாலு ஊரில் பிரிந்து கிடக்கிறது. பிரித்தவர்களில் பாதிப்பேர் அதைக் காப்பாற்ற வந்தவர்கள்.

அக்காலத்தில் மதிப்புள்ள நூல் என்றால் பாப்பிரஸ் சுருள்தான். தாள்களை மடித்து நடுவில் தைத்த கோடெக்ஸ், கணக்கெழுதவும் குறிப்பெழுதவும் பயன்பட்ட சாமானிய வடிவம். கிறிஸ்தவர்களுக்கு என்னவோ ஆரம்பத்திலிருந்தே அந்தச் சாமானிய வடிவம் பிடித்துப்போயிற்று. ஆனால் முழு பைபிளையும் ஒரே கோடெக்ஸில் அடக்குவது நான்காம் நூற்றாண்டில் புதுத் தொழில்நுட்பம். பழைய பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடாது. இந்தப் புத்தகத்தின் பெரும்பாலான பக்கங்களில் நான்கு குறுகிய பத்திகள், பத்திக்கு 48 வரிகள். விரித்து வைத்தால் எட்டுப் பத்திகள் வரிசையாக நிற்கும். சுருளை விரித்த தோற்றம் அப்படியே இருக்கிறது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி கிடையாது.

கான்ஸ்டன்டைன் பேரரசர் தன் புதிய தலைநகரின் தேவாலயங்களுக்காக ஐம்பது பைபிள்கள் வேண்டுமென்று பாலஸ்தீனத்தின் சிசேரியா நகரத்து ஆயர் யூசேபியஸுக்குக் கடிதம் எழுதினார். அந்த ஐம்பதில் இது ஒன்றாக இருக்கலாம் என்று சொல்ல எல்லோருக்கும் ஆசை. சான்று இல்லை. யூசேபியஸ் நற்செய்திகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக உண்டாக்கிய எண்முறை இதன் ஓரங்களில் இருக்கிறது. ஆகவே அவர் காலத்துக்கு முந்தியதல்ல என்பது மட்டும் உறுதி. சிசேரியாவா, எகிப்தா, ரோமா என்று அறிஞர்களின் வழக்கு இன்னும் தீரவில்லை.

எழுதியவர்கள் மூன்று பேர், அல்லது நான்கு பேர். பெயர் தெரியாததால் அவர்களை எழுத்தாளர் ஏ, பி, டி என்று அழைக்கிறார்கள். இதில் டி நல்ல படிப்பாளி, எழுத்துப்பிழை குறைவு. பி எழுதியதைப் பார்த்தால் இவரை யார் வேலைக்கு வைத்தார்கள் என்று கேட்கத் தோன்றும். ஏ அவசரக்காரர், ஒரே மாதிரி முடியும் இரண்டு வரிகள் கண்ணில் பட்டால் நடுவில் இருப்பதைத் தாண்டிவிடுவார். சில இடங்களில் அவர் எழுதிய தாளையே எடுத்துவிட்டு டி புதிதாக எழுதிச் சேர்த்திருக்கிறார்.

எல்லாவற்றையும்விட அழகான பிழை நாளாகமத்தில் இருக்கிறது. தாவீது ராஜாவின் போர்கள் நடந்துகொண்டிருக்கின்றன; அதே வரியில், மூச்சுக்கூட விடாமல், சில நூற்றாண்டுகள் தாண்டி எஸ்றாவின் பாவமன்னிப்பு ஜெபத்துக்குள் போய்விடுகிறோம். இவர்கள் பார்த்து எழுதிய மூலப்பிரதியில் தாள்கள் இடம் மாறிக் கட்டப்பட்டிருக்க வேண்டும். எழுதியவர் கையை மட்டும் ஓட்டினார், பொருளைக் கவனிக்கவில்லை. புனித நூலைப் பயபக்தியோடு படியெடுத்தார்கள் என்று நாம் கற்பனை செய்வோம். பக்தி இருந்திருக்கலாம், கூடவே தூக்கக் கலக்கமும் இருந்திருக்கிறது.

அதனால்தான் திருத்தங்கள். எழுதி முடித்த கையோடு ஆரம்பித்த திருத்த வேலை பல நூற்றாண்டுகளுக்குத் தொடர்ந்தது. மொத்தம் 20,000-க்கும் மேல் என்று எண்ணியிருக்கிறார்கள். இவ்வளவு தூரம் திருத்தப்பட்ட பழைய பைபிள் வேறெதுவும் இல்லை. எஸ்தர் புத்தகத்தின் முடிவில் ஒரு திருத்தக்காரர் குறிப்பு வைத்திருக்கிறார். தாம் ஒப்பிட்டுப் பார்த்த பிரதி மிகப் பழையது என்றும், பாம்ஃபிலஸ் என்பவர் தம் கைப்படத் திருத்தியது என்றும் சொல்கிறார். இந்த பாம்ஃபிலஸ் சிசேரியாவில் பெரிய நூலகம் வைத்திருந்தவர், யூசேபியஸின் குரு. ரோம அரசு அவரைச் சிறையில் போட்டபோது, உடனிருந்த அந்தோனினஸ் ஒப்பிட்டுச் சொல்ல, இவர் பிரதி திருத்திக்கொண்டிருந்தார். 310 வாக்கில் கொல்லப்பட்டார். மரண தண்டனைக்குக் காத்திருந்தவரின் மெய்ப்புத் திருத்தம், சில நூற்றாண்டு கழித்து இந்தத் தோல்தாள்களின் ஓரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் சீனாய் மலையடிவாரத்தில் ஒரு மடாலயத்தைச் சுற்றிக் கோட்டைச் சுவர் எழுப்பினார். அதுதான் புனித கத்தரீன் மடாலயம். சிலுவைப் போர், சுல்தான்கள், நெப்போலியன் என்று யார் வந்தாலும் போனாலும் அது நின்றது. முகமது நபியின் பெயரில் ஒரு பாதுகாப்புக் கடிதம் அதனிடம் உண்டு; மதிலுக்குள் ஒரு மசூதியும் உண்டு. பாலைவனத்தின் வறண்ட காற்றில் பூஞ்சை ஏறாது. எப்போதோ ஒரு நாள் நம் புத்தகம் அந்த மதிலுக்குள் போயிற்று.

அது அங்கே தூங்கிக்கொண்டிருந்தபோது ஐரோப்பா வேறு பைபிளை அச்சடித்தது. 1516-இல் பாசல் நகரத்தில் ஃப்ரோபென் என்ற அச்சக முதலாளி, ஸ்பெயினில் போட்டிக்காரர்கள் கிரேக்க புதிய ஏற்பாட்டை அச்சடித்து வைத்துவிட்டார்கள் என்ற அவசரத்தில், எராஸ்மஸைக் கொண்டு ஒன்றைத் தயாரித்தார். எராஸ்மஸுக்குக் கிடைத்தவை கைவிரலில் எண்ணக்கூடிய பிற்காலப் பிரதிகள். வெளிப்படுத்தல் நூலின் கடைசித் தாள் அவரிடம் இருந்த பிரதியில் கிழிந்து போயிருந்தது. கடைசி ஆறு வசனங்களையும் லத்தீனிலிருந்து தாமே கிரேக்கத்துக்குத் திருப்பி மொழிபெயர்த்துப் போட்டுவிட்டார்! சந்தையை முந்த வேண்டும் என்ற வியாபார அவசரத்தில் பிறந்த அந்தப் பாடம் சில்லறைத் திருத்தங்களோடு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி செய்தது. சீகன்பால்குவின் தமிழ் புதிய ஏற்பாடு 1714-15-இல் தரங்கம்பாடியில் அச்சேறியபோது அதன் பின்னால் இருந்ததும் அந்த அச்சு மரபின் கிரேக்கம்தான். பரமண்டல ஜெபத்தை ராஜ்யம், வல்லமை, மகிமை என்று சொல்லி முடிக்கிற வழக்கம் தமிழ் சீர்திருத்தச் சபைகளுக்கு வந்த வழியும் அதுவே. சீனாயில் தூங்கிய புத்தகத்தில் அந்த முடிவு இல்லை.

1761-இல் வித்தாலியானோ தொனாத்தி என்ற இத்தாலிய இயற்கையியல் அறிஞர் மடாலயத்துக்கு வந்தார். செடி கொடிகளைத் தேடிப் புறப்பட்டவர். பெரிய, மெல்லிய, சதுரமான தோல்தாள்களில் உருண்டையான அழகிய எழுத்தில் ஒரு பைபிளைப் பார்த்ததாக நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அது நம் புத்தகமாகத்தான் இருக்க வேண்டும். யாரிடமும் சொல்ல அவருக்கு வாய்க்கவில்லை. அடுத்த ஆண்டே மங்களூருக்குக் கப்பலேறி வருகிற வழியில் நடுக்கடலில் இறந்துபோனார். அவர் குறிப்பு அச்சாக நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் கதையே முடிந்திருந்தது.

அந்த நூற்றாண்டில் மடாலயத்துத் துறவிகளுக்கு இந்தப் புத்தகம் பழைய தோல்தான். மற்றப் புத்தகங்களுக்கு அட்டை கட்டும்போது உறுதிக்காக உள்ளே வைத்து ஒட்ட நல்ல தோல் தேவைப்பட்டது. வாசிக்க ஆளில்லாத பழைய எழுத்து, சிதைந்துபோன தாள். வெட்டினார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கைக்கெட்டிய பழையதை வெட்டிப் புதியதைக் கட்டுவது எல்லா ஊர் நூல்கட்டுனர்களும் செய்ததுதான். ஐரோப்பாவிலும் பழைய புத்தக அட்டைகளைப் பிரித்தால் உள்ளே இன்னொரு புத்தகம் இருக்கும்.

இப்போது கதாநாயகன் வரவேண்டும். வில்லன் என்று சொல்பவர்களும் உண்டு. கான்ஸ்டன்டின் டிஷெண்டார்ஃப், 1815-இல் சாக்ஸனியில் பிறந்தவர், லைப்சிக் பல்கலைக்கழகத்து ஆள். பாரிஸில், பழைய எழுத்தைச் சுரண்டி மேலே வேறு நூல் எழுதப்பட்டிருந்த ஒரு தோல் சுவடியின் அடியெழுத்தைப் படித்துக் காட்டிப் பெயர் வாங்கியவர். பைபிளின் மூலப் பாடத்தை மீட்டுவிட வேண்டும் என்ற வெறி அவருக்கு. வெறிக்கு நிகரான தன்னம்பிக்கையும் இருந்தது.

1844 மே மாதம் மடாலயத்துக்கு வந்தார். நூலகத்தின் நடுவே ஒரு பெரிய கூடை, அதில் எரிப்பதற்காகப் போட்டிருந்த பழைய தாள்கள், அவற்றுக்கிடையே 129 கிரேக்கத் தோல்தாள்கள், ஏற்கெனவே இரண்டு கூடை அடுப்புக்குப் போய்விட்டது என்றார் நூலகர்: இது டிஷெண்டார்ஃப் பல ஆண்டு கழித்துச் சொன்ன கதை. உலகம் முழுக்கப் பரவிய கதையும் இதுதான். மடாலயம் இன்றுவரை மறுக்கிறது. கூடையில் வைப்பது அங்கே சேமிப்பு முறை என்கிறார்கள். தோல்தாள் சரியாக எரியவும் செய்யாது; புகையும் நாற்றமும்தான் வரும். வந்த இடத்திலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டு போனவர் பிற்பாடு சொல்லும் கதைகளில் அந்தப் பொருள் எப்போதும் அழிவின் விளிம்பில்தான் இருக்கும் என்பதையும் நினைவில் வைக்கலாம்.

எப்படியோ 43 தாள்கள் அவர் கைக்கு வந்தன. அவருடைய மகிழ்ச்சியைப் பார்த்துத் துறவிகள் உஷாராகி மீதியைத் தரவில்லை. 43 தாள்களையும் லைப்சிக்குக் கொண்டுபோய், பயணத்துக்கு ஆதரவளித்த சாக்ஸனி மன்னர் ஃப்ரெடரிக் அகஸ்டஸின் பெயரைச் சூட்டி 1846-இல் வெளியிட்டார். எங்கே கிடைத்தது என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் வேறு யாராவது போய்விடுவார்களே! ஆனால் ஏற்கெனவே ஒருவர் போய்விட்டிருந்தார். 1845-இல் ரஷ்யத் துறவி போர்ஃபிரி உஸ்பென்ஸ்கி மடாலயத்தில் அந்தப் பெரிய பிரதியைப் பார்த்தார். பழைய அட்டைகளுக்குள்ளிருந்து சில துண்டுகளையும் எடுத்துச் சென்றார். இன்று பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கும் அந்தச் சிட்டிகைக்கு மூலம் அவர்தான்.

1853-இல் டிஷெண்டார்ஃப் மறுபடி வந்தார். ஆதியாகமத்தின் சிறு துண்டு ஒன்றைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. மூன்றாம் முறை, 1859 ஜனவரி இறுதியில், ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தரின் பணத்தோடும் பெயரோடும் வந்து இறங்கினார். புராட்டஸ்டன்ட் ஜெர்மானியருக்கு ஆர்த்தடாக்ஸ் உலகத்தின் காவலரான ஜார் மன்னரின் ஆதரவு! கிரேக்கத் துறவிகளிடம் அந்தப் பெயர் கதவைத் திறக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் நாலைந்து நாள் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை. ஊர் திரும்ப ஒட்டகம் சொல்லியாயிற்று. பிப்ரவரி 4 மாலை மடாலயத்துப் பொறுப்பாளருடன் நடந்துவிட்டு வந்தவரை அவர் தம் அறைக்கு அழைத்தார். பேச்சுவாக்கில், என்னிடமும் ஒரு கிரேக்கப் பழைய ஏற்பாடு இருக்கிறது என்று மூலையிலிருந்து சிவப்புத் துணியில் சுற்றிய பெரிய மூட்டையை எடுத்து வைத்தார். உள்ளே பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி, புதிய ஏற்பாடு முழுவதும், அதற்குமேல் பர்னபாவின் நிருபம், ஹெர்மாஸின் மேய்ப்பர் நூலின் ஒரு பகுதி. கடைசி இரண்டும் ஒரு காலத்தில் பைபிளில் சேருமா சேராதா என்று பேசப்பட்டவை. டிஷெண்டார்ஃப் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லையாம். படுக்கையில் வாசிக்கக் கொண்டுபோகலாமா என்று சாதாரணமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றிரவு தூங்கவில்லை, பர்னபாவைப் படியெடுத்து முடித்தார்.

கொண்டுபோக அனுமதி கேட்டபோது ஒரு துறவி மறுத்தார். பெரியவர்களைக் கேட்க வேண்டும், பெரியவர்களோ கெய்ரோவில். அவர்களின் சம்மதத்தோடு ஒரு பெதூயின் தலைவர் ஒட்டகத்தில் போய்ப் பிரதியைக் கெய்ரோவுக்குக் கொண்டுவந்தார். அங்கே ஒரு தடவைக்கு எட்டுத் தாள் வீதம் கொடுத்து வாங்கினார்கள். கெய்ரோவில் இருந்த ஜெர்மன் டாக்டர் ஒருவரையும் மருந்துக்கடைக்காரர் ஒருவரையும் உதவிக்குப் பிடித்து, இரண்டே மாதத்தில் 1,10,000 வரிகளைப் படியெடுத்தார். எழுதிய நாளில் பிழைவிட்டவர்களைக் கேலி செய்தோம். டாக்டரும் மருந்துக்கடைக்காரரும் சேர்ந்து பைபிள் படியெடுத்ததும் இதே வம்சாவளியில் ஒரு கண்ணிதான்.

பிறகு அரசியல். மடாலயத்தின் புதிய பேராயர் தேர்வு சிக்கலில் இருந்தது. ரஷ்யாவின் செல்வாக்கு அவர்களுக்குத் தேவைப்பட்டது. டிஷெண்டார்ஃப் இடையில் புகுந்தார். கான்ஸ்டான்டினோபிளில் இருந்த ரஷ்யத் தூதர் லோபனோவ், முறைப்படி அன்பளிப்பாகும் வரை பிரதி மடாலயத்தின் சொத்தே என்று கடிதம் எழுதித் தந்தார். 1859 செப்டம்பர் 28 அன்று டிஷெண்டார்ஃப் ஒரு ரசீதில் கையெழுத்திட்டார்: பார்த்து அச்சிடுவதற்காகப் பீட்டர்ஸ்பர்க்குக்குக் கடனாகக் கொண்டுபோகிறேன், கேட்டவுடன் சேதமில்லாமல் திருப்பித் தருவேன் என்று. 1869-இல் புதிய பேராயர் கல்லிஸ்திராத்தோஸ் நன்கொடைப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். ரஷ்யாவிடமிருந்து 9,000 ரூபிள் வந்தது. கொடுத்தார்கள் என்பதற்குப் பத்திரம் சாட்சி. மனமுவந்து கொடுத்தார்களா என்பதற்கு அது சாட்சியாகாது. பொருள் போய்ப் பத்து வருஷம் கழித்து, அதுவும் வல்லரசு ஒன்று வைத்திருக்கும்போது, மறுக்கிற இடத்தில் அவர்கள் இல்லை. ரசீதின் நகலை மடாலயம் இன்றும் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறது.

1862-இல், ரஷ்ய அரசின் ஆயிரமாவது ஆண்டு விழாவையொட்டி, நான்கு பெரிய தொகுதிகளாக அச்சுப் பதிப்பு வந்தது. பழைய எழுத்தின் வடிவத்தைப் போலவே லைப்சிக்கில் எழுத்துகளை வார்த்தார்கள். முந்நூற்றுச் சொச்சம் பிரதிகள் ஜாரின் அன்பளிப்பாக உலகத்தின் நூலகங்களுக்குப் போயின. கோஹினூர் வைரத்தைக் கண்டெடுப்பதைவிட இதைக் கண்டெடுத்திருப்பேன் என்று ஒரு மூத்த அறிஞர் தம்மிடம் சொன்னதாக டிஷெண்டார்ஃப் பெருமையோடு எழுதினார். சொன்னவர் யோசித்துச் சொன்னாரோ என்னவோ, உவமை பொருத்தம்: சொந்தக்காரர்கள் அதையும் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அதே 1862 செப்டம்பரில், லண்டனில் கார்டியன் என்ற திருச்சபைப் பத்திரிகையில் ஒரு கடிதம் வெளிவந்தது. இந்தப் புத்தகம் பழையதே அல்ல, ஆதோஸ் மலையில் இருபதாண்டுகளுக்கு முன் நானே என் கையால் எழுதியது, ஜார் நிக்கோலஸுக்குப் பரிசளிக்க எழுதினேன் என்றது கடிதம். எழுதியவர் கான்ஸ்டன்டின் சிமோனிடிஸ், சிமி தீவுக்காரர், ஐரோப்பாவின் மகா கள்ளச்சுவடிக்காரர். அசலும் போலியும் கலந்து விற்பது அவர் தொழில் ரகசியம். பிரிட்டனின் பெரும் சேகரிப்பாளர் தாமஸ் பிலிப்ஸ் அவரிடம் வாங்கியிருக்கிறார். எகிப்திய மன்னர்களின் வரலாறு என்று ஒரு பழைய கிரேக்க நூலைத் தயாரித்து பெர்லின் அறிஞர்களையே நம்ப வைத்தார். அது போலி என்று காட்டிக்கொடுத்தவர்களில் ஒருவர் டிஷெண்டார்ஃப். போலீஸ் வந்தது, சிமோனிடிஸ் கைதானார். ஆறு வருஷம் காத்திருந்து பழிதீர்க்க அவர் தேர்ந்தெடுத்த முறை அலாதியானது. பொதுவாகக் கள்ள எழுத்துக்காரர் தன் போலியை அசல் என்பார். இவர் அசலைத் தன் போலி என்றார்!

கேம்பிரிட்ஜின் ஹென்றி பிராட்ஷா பிரதியை நேரில் பார்த்தவர்; அது பழையதுதான் என்று அதே பத்திரிகையில் எழுதினார். பல கைகளின் எழுத்து, பல நூற்றாண்டுத் திருத்தங்கள், ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள்: ஓர் இளைஞன் சில மாதத்தில் செய்யக்கூடியதல்ல. சிமோனிடிஸ் 1867-இல் அலெக்சாந்திரியாவில் தொழுநோயால் இறந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. பிறகும் அவரைப் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். அவர் மரணத்தைக்கூட யாரும் அசல் என்று நம்பவில்லை போலும். ஒரு நியாயம் அவருக்குச் செய்தாக வேண்டும். முன்பு லைப்சிக்கில் ஹெர்மாஸின் மேய்ப்பர் கிரேக்க நூலை அவர் விற்றபோது, அது லத்தீனிலிருந்து பிற்காலத்தில் திருப்பி மொழிபெயர்த்தது என்று டிஷெண்டார்ஃப் தள்ளினார். சிவப்புத் துணி மூட்டையில் அதே ஹெர்மாஸ் கிரேக்கத்தில் கிடைத்தபோது தம் சொல்லைத் திரும்பப் பெறவேண்டி வந்தது. பொய்யர் அந்த ஒரு முறை உண்மையான சரக்கைத்தான் விற்றிருந்தார்.

அச்சுப் பதிப்பு பரவியதும் பைபிள் அறிஞர்களிடையே பெரிய கலகலப்பு. மாற்கு நற்செய்தி இதில் காலிக் கல்லறையோடு, பெண்கள் பயந்து ஓடுவதோடு நின்றுவிடுகிறது. உயிர்த்த இயேசு சீடர்களுக்குத் தோன்றும் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் இல்லை. அந்தப் பக்கம் டி மாற்றி எழுதிச் செருகிய தாள் என்பது சுவாரசியத்தைக் கூட்டுகிறது. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை யோவானில் இல்லை. 1881-இல் வெஸ்ட்காட், ஹார்ட் இருவரும் இதையும் வத்திக்கானில் இருக்கும் இதன் சமகாலப் பிரதியையும் முன்னிறுத்திப் புதிய கிரேக்கப் பாடம் அமைத்தார்கள். எராஸ்மஸ் வரிசையின் ஆட்சி தளர்ந்தது. பழைய பிரதிகள் சிலவற்றில் இந்த வசனங்கள் இல்லை என்று இன்றைய பைபிள்களின் அடியில் வருகிற குறிப்பு பெரும்பாலும் இந்தப் புத்தகத்தைத்தான் சொல்கிறது. டிஷெண்டார்ஃப் இதற்குக் குறியீடாக எபிரேயத்தின் முதல் எழுத்து ஆலெஃபை வைத்தார். ஏ, பி, சி எல்லாம் வேறு பிரதிகளுக்குப் போய்விட்டன. தன்னுடையது ஏ-க்கும் முன்னால் நிற்க வேண்டுமே.

1917-இல் ஜார் ஆட்சி கவிழ்ந்தது. கடவுள் இல்லை என்ற அரசின் கையில் உலகத்தின் மிகப் பழைய பைபிள்களில் ஒன்று. ஸ்டாலினின் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு எந்திரம் வாங்க அந்நியச் செலாவணி தேவை. ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்திலிருந்து ரஃபேலின் ஓவியங்களை அமெரிக்காவின் ஆண்ட்ரூ மெல்லன் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. லண்டனின் மேக்ஸ் பிரதர்ஸ் என்ற பழைய புத்தக வணிகர்களின் ஆள் மாரிஸ் எட்டிங்ஹவுசன் ரஷ்யா போனபோது, எப்போதாவது பணம் வேண்டுமென்றால் இதைப் பழுப்புத் தாளில் சுற்றி லண்டனுக்கு எனக்கு அனுப்பிவிடுங்கள் என்று அதிகாரிகளிடம் வேடிக்கையாகச் சொல்லி வைத்தாராம். சில வருஷத்தில் வேடிக்கை வியாபாரமாயிற்று. 1933-இல் 1,00,000 பவுனுக்கு விலை பேசி முடித்தார்கள். ஒரு புத்தகத்துக்கு அதுவரை கேள்விப்படாத விலை. நாடே பொருளாதார மந்தத்தில் இருந்தபோது கம்யூனிஸ்டுகளுக்கு இவ்வளவு பணமா என்று ஒரு கூச்சல். பிரதமர் ராம்சே மெக்டொனால்டின் அரசு பொதுமக்கள் தருகிற பவுனுக்குப் பவுன் தருவதாக ஒப்புக்கொண்டது. கடைசியில் பாதிக்கும் மேல் மக்களே போட்டார்கள்.

டிசம்பர் 27 அன்று புத்தகம் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்து சேர்ந்தது. வாசலில் பெருங்கூட்டம், அதற்காகத் தொப்பியைக் கழற்றினார்கள். லண்டனுக்கு வந்தவை 347 தாள்கள். டக்ளஸ் காக்கரெல் என்ற தேர்ந்த நூல்கட்டுனர் அவற்றை இரண்டு தொகுதிகளாகக் கட்டினார். இம்முறை யாரும் வெட்டவில்லை.

லண்டனில் அதற்குப் புற ஊதா ஒளி காட்டினார்கள். யோவான் நற்செய்தியின் கடைசி வசனத்தை வேறொரு கை பிறகு சேர்த்தது என்று டிஷெண்டார்ஃப் அந்தக் காலத்திலேயே சந்தேகப்பட்டிருந்தார், நம்பியவர் குறைவு. விளக்கைக் காட்டியதும் உண்மை தெரிந்தது. முந்தின வசனத்தோடு நூலை முடித்து, முடிவு அலங்காரத்தையும் வரைந்துவிட்டு, பின்பு அதைக் கழுவி அழித்து, கடைசி வசனத்தை எழுதி, மறுபடி அலங்காரம் வரைந்திருக்கிறார்கள். வேறு கை அல்ல, அதே கை. ஏ மறுபடியும் மறந்திருக்கிறார் அல்லது மனம் மாறியிருக்கிறார். வெறும் கண்ணால் டிஷெண்டார்ஃப் அதைப் பிடித்தாரே என்பதை மெச்சத்தான் வேண்டும்.

எல்லாம் எடுத்தாயிற்று என்று உலகம் நினைத்திருந்தபோது, 1975 மே மாதம், தீவிபத்துக்குப் பின் மடாலயத்தின் வடக்கு மதிலைச் சீர்செய்த துறவிகள், புனித ஜார்ஜ் சிற்றாலயத்துக்குக் கீழே மண்மூடிய ஓர் அறையைக் கண்டார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட சுவடிகளும் துண்டுகளும் குவியலாகக் கிடந்தன. அவற்றுக்கிடையே நம் புத்தகத்தின் பன்னிரண்டு தாள்களும் பல துண்டுகளும். டிஷெண்டார்ஃப் மூன்று முறை வந்து துழாவிய மடாலயத்தில், அவர் நடந்த தரைக்கு அடியில். இந்தத் தடவை கண்டெடுத்தவர்கள் துறவிகள். தாள்கள் வெளியூர் போகவில்லை.

2005-இல் நாலு ஊர்க்காரர்களும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டு, எல்லாத் தாள்களையும் படம் பிடித்து இணையத்தில் ஒன்றாக வைப்பது என்று. 2009 ஜூலையில் அது முழுமையாக வெளிவந்தது. இன்று யாரும் வீட்டிலிருந்தே லைப்சிக் தாளையும் சீனாய்த் தாளையும் அடுத்தடுத்துப் புரட்டலாம். பி செய்த எழுத்துப்பிழைகளையும் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

அந்த வேலை முடிந்து இரண்டு மாதங்கூட ஆகியிருக்காது. மடாலயத்துப் புத்தக அட்டைகளின் படங்களை ஆராய்ந்துகொண்டிருந்த கிரேக்க ஆய்வாளர் ஒருவரின் கண்ணில், பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டிய ஓர் அட்டையின் உட்புறம் பட்டது. ஒட்டியிருந்த தோல் துண்டில் அந்தப் பழைய உருண்டை எழுத்து தெரிந்தது. யோசுவா நூலின் முதல் அதிகாரம். துண்டு முழுவதையும் பார்க்க வேண்டுமானால் அட்டையைப் பிரிக்க வேண்டும். அட்டையும் இப்போது பழம்பொருள். அதே காலத்தில், அதே பட்டறையில் கட்டிய வேறு புத்தகங்களும் அங்கே அலமாரியில் இருக்கின்றன.